பூஜைக்கு நிற்காத பெட்டி

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. பையைக் கீழ வெக்காதீங்க, காலைல மாவிலைத் தண்ணி தெளிச்ச ஈரம் இன்னும் காயலை. கதவு திறந்தே இருக்கட்டும், ஏசி போடலை. கோயம்புத்தூர்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? பண்டிகைக் கூட்டம் இருந்திருக்குமே. பொரி எடுத்துக்கங்க. கடலை நல்லா இருக்கும்.

இல்லீங்க, அதைத் தொடாதீங்க. சர்வர் பெட்டில பொத்தான் கோளாறுன்னு சொல்லித்தான் உங்களை வரச் சொன்னாங்க, தெரியும். பாக்கலாம். பாக்காம எங்க போகப் போறோம். பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம் இருக்குதுங்க. இப்ப ஒம்பதரைதான் ஆகுது. டீ சொல்லியிருக்கேன்.

கார்டுல எஸ்தர்னு போட்டிருக்குது. நான் திருமூர்த்தி. இந்த சாயப்பட்டறைல இருவத்தோரு வருஷம். லேப்ல சாம்பிள் துணி வெட்ட வந்தவன். டைப்பிங் தெரியும்னு கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சாங்க, அப்படியே இந்த ரூமுக்கு வந்து சேந்துட்டேன். வெளிய வெள்ளை வேட்டில உக்காந்து பொரி சாப்பிட்டுட்டு இருக்காரே, அவர்தான் எங்க முதலாளி, தெய்வசிகாமணி ஐயா. நீங்க சத்தமாவே பேசலாம். நாப்பது வருஷம் மெஷினுக்கு நடுவுல நின்ன காது, ஒண்ணும் கேக்காது. மக புதுசா காது மெஷின் வாங்கிக் குடுத்திருக்குது. காலைல பாத்தேன், அது சட்டைப் பைல கிடந்துது.

அந்தக் காது மெஷின்லதான் எல்லாம் வந்துதுங்க.

சொல்றேன். முதல்ல இந்தப் பெட்டில என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியோணும். நாங்க போட்ட அத்தனை சாயத்துக்கும் பக்குவம் இதுக்குள்ளதான் இருக்குது. ஒரு மெரூன் கலர்னா எந்தச் சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிஷம். கீழ மெஷின்ல நிக்கற ஆளு ஸ்கிரீனைப் பாத்துத்தான் போடுவான். முன்னால எல்லாம் எங்க கலர் மாஸ்டர் ஆரோக்கியம் நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு. நாப்பத்தியேழு நோட்டு. அதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னது நான்தான். இடத்தை அடைக்குது, கரையான் வருது, எல்லாம்தான் பெட்டில ஏறிருச்சேன்னு சொன்னேன். மாஸ்டர் ஒரு வாரம் என்கூடப் பேசலை. அப்புறம் சரியாப் போச்சு.

இதுக்கு முந்தி இன்னொரு பெட்டி இருந்துதுங்க. அதை ரங்கராஜ்னு ஒருத்தர் பாத்துட்டு இருந்தாரு. ஆயுத பூஜைக்கு நிறுத்துனாரு. சந்தனம், குங்குமம், மாலை, எல்லாம் போட்டாரு. மறுநாள் விஜயதசமி. இதே மாதிரி ஒரு காலை. பொத்தானை அமுக்குனாரு. வரலை. மூணு நாள் அதுக்கு முன்னால உக்காந்திருந்தாரு மேடம், சாப்பிடக்கூட எந்திரிக்கலை. வரவே இல்லை. அப்ப இன்னும் பேப்பர்காரனுக்குப் போடாம இருந்த மாஸ்டரோட நோட்டுகளை வெச்சு எல்லாத்தையும் மறுபடி நாங்க அடிச்சு ஏத்துனோம், எனக்கு வெரல் நுனி வீங்கிப் போச்சு. ரங்கராஜை ஐயா ஒண்ணும் திட்டலை. நாளைல இருந்து வர வேண்டாம்னு மட்டும் சொன்னாரு. இப்ப ஊத்துக்குளி பஸ் ஸ்டாண்டுல பப்ஸ் விக்கிறாரு. நான் பஸ்ஸுல போனா அந்தப் பக்கம் ஜன்னல்ல உக்கார மாட்டேன்.

நான் பயந்தவன் இல்லீங்க. ஜாக்கிரதை.

அப்புறம் இந்தப் பெட்டி வந்துது. போட்டுக் குடுத்த இன்ஜினியர் இதுல லைவ் பேட்ச்னு ஒண்ணு இருக்குதுன்னாரு. உங்களுக்குத் தெரியாததா. ஆனா மாஸ்டருக்கு நான் எப்படிச் சொன்னேன்னா, மெஷின்ல துணி ஓடிட்டு இருக்கறப்ப கலர் கொஞ்சம் குறையுதுன்னு வெய்ங்க. துணியை வெளிய எடுப்பமா? மெஷினை நிறுத்துவமா? பக்கத்து டேங்க்ல கரைச்சு ஓடஓட உள்ள விடுவோம். அது மாதிரி, பெட்டி ஓடிட்டு இருக்கறப்பவே அதோட அடிமூச்சா இருக்கற கெர்னல்ல ஓட்டை வந்தா ஓடஓட அடைச்சுரும். நிறுத்த வேண்டியதில்லை. மாஸ்டர் கேட்டுட்டு, 'ஓடஓட எத்தனை தடவை விடுவே? ஒரு தடவை, ரெண்டு தடவை. அதுக்கு மேல துணி தாங்காது'ன்னாரு. அவருக்கு எல்லாமே துணிதான்.

நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லு போதும் மேடம் எனக்கு. இன்ஜினியர் அதுக்கப்புறமும் என்னமோ சொல்லிட்டுத்தான் இருந்தாரு. அவசரத்துக்கு நிறுத்த வேண்டியதில்லை, ஆனா சாவகாசமா ஒரு நாள் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணி எடுத்துக்கங்க, அப்படி என்னமோ. நான் டீ வாங்கிட்டு வரப் போயிட்டேன்.

லைவ் பேட்ச் ஒரு பக்கம் நடக்குதுங்களா, வழக்கமா வர்ற அப்டேட்டு இன்னொரு பக்கம் வந்துட்டுத்தான் இருக்கும். அதுலயும் புதுசு புதுசா கெர்னல் வரும். வந்து டிஸ்க்ல உக்காந்துக்கும். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உக்காந்த விருந்தாளி மாதிரி. உள்ள இருக்கற பழசு எந்திரிச்சாத்தானே இது உள்ள போக முடியும்? பழசு எந்திரிக்கவே இல்லை. நான் எந்திரிக்க விடலை. தெனமும் காலைல உள்ள நுழைஞ்சதும் ஸ்கிரீன்ல ஒரு வரி வரும். 'ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்'னு. தெனமும். ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் அந்த வரி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துட்டேன்.

சிரிக்காதீங்க. வேலை ஓடுச்சில்ல? நாலு வருஷம் ஏழு மாசம். ஆயிரத்து அறுநூத்து எழுவத்து நாலு நாள். ஒரு நிமிஷம் நின்னதில்லை. பாய்லர் நிக்கும், மாசாமாசம் அமாவாசைக்கு நிறுத்தி எலுமிச்சம்பழம் கட்டுவோம். கரண்ட் நிக்கும். மாஸ்டர் நெஞ்சு வலின்னு பத்து நாள் படுத்தாரு. இது நின்னதில்லை.

என்ன கேட்டீங்க? கடைசி பேட்ச் எப்ப வந்துதுன்னா? அது தானா வருமுங்க. பழைய கெர்னலுக்கு அனுப்பறதை நிறுத்தீருவாங்களா? எப்ப? ஒரு வருஷத்துக்கு மேல இருக்குமா? அப்படியெல்லாம் இருக்காது. மெயில் வந்திருக்குமா. மெயில் வரும், நெறைய வரும். அதெல்லாம் வேற ஒரு மெயில் பெட்டிக்குப் போற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன். திறந்ததில்லை.

பொரி எடுத்துக்கங்க மேடம். அப்படியே இருக்குதே.

ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேக்கறீங்க. சரியான கேள்வி. எங்க பட்டறைல அன்னைக்கு ஒரு மோட்டார் ஓடக்கூடாது. ஆயுதத்துக்கு வருஷத்துல ஒரு நாள் ஓய்வு, அதைக் குடுக்காதவன் தொழில் பண்ணக்கூடாதும்பாரு ஐயா. தட்டை எடுத்துட்டு ஒவ்வொரு மெஷினா வருவாரு. ஒவ்வொண்ணுலயும் கையை வெச்சுப் பாப்பாரு, நின்னிருக்குதான்னு. இந்த ரூமுக்கு வந்தா வாசல்ல நின்னு கேப்பாரு, 'திருமூர்த்தி, நிறுத்தீட்டியா?' 'நின்னுருச்சுங்கய்யா.' அம்புட்டுத்தான். ஸ்கிரீனை அமத்திருவேன். முன்னால மினுக்கற லைட்டு மேல சந்தனத்தை அப்பிருவேன். கொஞ்சம் கெட்டியா. பாத்தா பூஜை போட்ட மாதிரியும் இருக்கும், லைட்டும் தெரியாது. நாலு வருஷம் அப்படித்தான்.

பொய்யின்னு சொல்லாதீங்க. யாருக்கு நஷ்டம்?

போன மாசம் ஒரு வேலை செஞ்சேன் மேடம். அதை உங்ககிட்டத்தான் முதல் முதலாச் சொல்றேன். பெட்டி ஸ்டார்ட் ஆகறதுக்குன்னு டிஸ்க்ல ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருக்குமில்ல, அது நெறைஞ்சு போச்சு. வந்த கெர்னல் எல்லாம் அதுக்குள்ளதானே உக்காந்திருக்குது. புதுசு வர்றப்ப இடம் இல்லை இடம் இல்லைன்னு செவப்பாக் காட்டுச்சு. சரி, பழசையெல்லாம் எடுத்துருவோம்னு, ஓரத்துல இருந்து ஒண்ணொண்ணா அழிச்சேன். அதுகளோட சேந்த ஃபைல்களையும் அழிச்சேன். கடைசியா வந்ததுல ரெண்டு மட்டும் விட்டேன். சுத்தமா இருந்துது. நல்ல வேலை செஞ்சோம்னு வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள், வழக்கமா ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி அந்த வருஷத்துப் பக்குவத்தையெல்லாம் ஒரு நகல் எடுத்து வெப்பேன். செருகுனேன். டிஸ்க்கே தெரியலை. பிடுங்கி மறுபடி செருகுனேன். வேற டிஸ்க். வேற ஒயர். தெரியலை. அரை மணி நேரம் கழிச்சுத்தான் மேடம் புரிஞ்சுது. நான் அழிச்ச பழசுல இருந்த கடைசிப் பழசு இருக்குதே, அதுதான் ஓடிட்டு இருக்குது. டிஸ்க்கைப் படிக்கறதுக்கு வேணுங்கற ஃபைலை அது போய்த் தேடுது, இல்லை. நான் எடுத்து வீசிட்டேன். பழசு பழசுன்னு அழிச்சவன், ஓடறதே அந்தப் பழசுதான்னு ஒரு நிமிஷம் யோசிக்கலை.

நெனச்சுப் பாருங்க. அது பெட்டியோட மெமரில, அதோட நெனப்புல மட்டும்தான் உயிரோட இருக்குது. டிஸ்க்ல அது இல்லவே இல்லை. நிறுத்துனா அது போச்சு. அப்புறம் எந்திரிக்கறது வேற ஒண்ணு. ஒரு நாள்கூட ஓடிப் பாக்காத ஒண்ணு.

நெட்வொர்க் வழியா என்ற லேப்டாப்புக்கு எடுத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. எடுத்திருக்கலாம். இன்னைக்குத் தோணுது. அன்னைக்கு எனக்குக் கீபோர்டுல கை வெக்கவே பயம். எதைத் தொட்டா எது போகுமோன்னு. ஸ்கிரீனை அமத்தீட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

அப்பவும் தைரியமாத்தான் இருந்தேன். யாரு நிறுத்தப் போறா? சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சேன்.

நேத்து காலைல பதினோரு மணி. எல்லா மெஷினும் நின்னாச்சு. சாயப்பட்டறை நின்னு போனா எப்படி இருக்கும்னு நீங்க கேட்டதில்லை. பாய்லர் இல்லை, பம்பு இல்லை, ஒண்ணும் இல்லை. தண்ணி சொட்டறது கேக்கும். ஐயா தட்டோட வந்தாரு. காதுல அந்தப் புது மெஷின். எனக்கு அது உறைக்கலை. அலங்காரத்துக்கு மாட்டியிருக்காருன்னு நெனச்சுட்டேன்.

'நிறுத்தீட்டியா?'

'நின்னுருச்சுங்கய்யா.'

சந்தனத்தைத் தொட்டவர் அப்படியே நின்னாரு. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சாரு. 'ஏப்பா திருமூர்த்தி, என்னமோ ஓடுது.'

'ஃபேனுங்கய்யா.'

மேல பாத்தாரு. 'ஃபேன் நிக்குதேப்பா.'

'பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஃபேனுங்கய்யா. சூடு ஆறட்டும்னு அதுபாட்டுக்குச் சுத்தும்.'

'என்ற பாய்லரே ஆறிப் போச்சு. உன்ற பொட்டிக்கு இன்னும் ஆறலையா? நிறுத்து அதை.'

பின்னாடி முப்பது பேரு நிக்கறாங்க. மாஸ்டர் நிக்கறாரு. நான் சொன்னேன், 'நாளைக்கு எடுக்கறதுக்கு லேட்டாகுங்கய்யா.' அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நாலு வருஷமா நிறுத்தி எடுத்தவன்தானே நீ. இந்த வருஷம் மட்டும் என்ன?'

என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க. நிறுத்துனா வராதுன்னு சொன்னா, இதுவரைக்கும் நிறுத்துனதே இல்லைன்னு சொல்லோணும். நான் ஸ்கிரீனைப் போட்டேன். கட்டளை அடிச்சேன். ஒரு எழுத்துக்கு ரெண்டு எழுத்து விழுந்துது, அழிச்சு அடிச்சேன். ஃபேன் சத்தம் கொறைஞ்சு கொறைஞ்சு... சாகறவங்க மூச்சைப் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கீங்களா? ஐயா சூடத்தைக் காட்டிட்டுப் போயிட்டாரு. 'இப்பத்தான் பூஜை மாதிரி இருக்குது'ன்னாரு.

இன்னைக்கு ஏழு மணிக்கு பாய்லரை எடுத்தாங்க. வந்துது. பம்பு வந்துது. எல்லாரும் வரிசையா எடுத்துட்டு இங்க வந்தாங்க. எலுமிச்சம்பழத்தை என்ற கைல குடுத்தாரு ஐயா. நான் பெட்டிக்கு முன்னால குனிஞ்சு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்னு நெனக்கிறேன். அப்புறம் சொன்னேன், 'பொத்தான் வேலை செய்யலைங்கய்யா.'

பொத்தானுக்கு ஒண்ணும் இல்லை மேடம். நான் அமுக்கவே இல்லை. வெரலைக் கொண்டு போனேன். வெரல் போகலை.

கீழ மூணு மெஷின்ல துணியை ஏத்திட்டு வெறும் ஸ்கிரீனைப் பாத்துட்டு நிக்கறாங்க. மாஸ்டர் நாலு தடவை கூப்பிட்டுட்டாரு. 'திருமூர்த்தி, போன வாரம் போட்ட அந்தப் பச்சை எனக்கு ஞாபகம் இருக்குது, உப்பு மட்டும்தான் ஞாபகம் வர மாட்டேங்குது'ங்கறாரு. அந்தக் குரலைக் கேட்டதும் போனை மேசைல கவுத்து வெச்சுட்டேன். ஒரு வருஷத்துப் பக்குவம், ஆயிரத்து எண்ணூறு கலரு. நோட்டு இல்லை. நகல் இல்லை. நான் இங்க உக்காந்து உங்களுக்குப் பொரி குடுத்துட்டு இருக்கேன்.

அதனால ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க. அமுக்கறதை நீங்க அமுக்கிருங்க. வரலைன்னா, பொத்தானைப் பாக்கறப்பவே உள்ள கெட்டுப் போயிருந்துதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க. நீங்க கம்பெனி ஆளு, உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இப்பவே வேண்டாம். டீ வரட்டும். பத்து மணிக்கு அமுக்கலாம், இல்லைன்னா பத்து அஞ்சு...

அது என்ன சத்தம்?

மேடம். ஃபேன் சுத்துது. எப்ப அமுக்குனீங்க? நான் பொரித் தட்டை நகத்தறப்பவா? சொல்லாம அமுக்கறதா? என்னை ஒரு வார்த்தை...

நான் பாக்க மாட்டேன். செவுத்தைப் பாத்து நின்னுக்கறேன். நீங்க படிச்சுச் சொல்லுங்க. என்ன வருது? ரெண்டு கெர்னல் பேரு காட்டுதா? ஆமா, ரெண்டுதான் விட்டேன். புதுசா வந்ததை அதுவே எடுத்துக்குதா. ஓடுதா? நின்னுருச்சா? எங்க நின்னுது? ஸ்கிரீன் கறுப்பாவா?

போச்சு. இடம் நெறைஞ்சிருந்தப்ப வந்தது அது, பாதிதான் எழுதியிருக்கும். பாதிதான் எழுதியிருக்கும் மேடம், அப்பவே செவப்பாக் காட்டுச்சு. ஐயா பாக்கறாரா? பொரிதானே சாப்பிடறாரு? நான் பின்னாடி கேட்டு வழியாப் போயிரட்டுமா? என்ற செருப்பு உள்ள இருக்குது.

என்ன பண்றீங்க? மறுபடியா? ரெண்டாவதையா? அது ஆறு மாசத்துக்கு முந்தினது, அதை ஏன் விட்டேன்னே எனக்குத் தெரியலை, அழிச்சு அழிச்சுக் கை வலிச்சுது, போதும்னு விட்டேன்... ஓடுதா? வரி வரியாவா? எண்ணாதீங்க. எண்ணாதீங்க மேடம்.

என்னது? பாஸ்வேர்டு கேக்குதா? உள்ள வரச் சொல்லிக் கேக்குதா?

நகருங்க. நான் அடிக்கறேன். வந்துருச்சு. இதோ, மெரூன். பச்சை இருக்குது. உப்பு இருக்குது. போன வாரத்துது எல்லாம் இருக்குது. மாஸ்டர், ஹலோ, மாஸ்டர், ஸ்கிரீனைப் பாருங்க, வந்துருச்சு. பொத்தான்தான், ஆமா, பொத்தானேதான். சரி சரி, போடுங்க.

எத்தனை நாளா ஓடுதுன்னு காட்டுது பாருங்க. ஒரு நிமிஷம்னு. நாலு வருஷம் ஏழு மாசத்துக்கு அப்புறம், ஒரு நிமிஷம். சரி, விடுங்க. மேடம், கையோட அந்த லைவ் பேட்ச்சை மறுபடி போட்டு விட்டுட்டுப் போயிருங்க. இனி நிறுத்தவே வேண்டியதில்லை. அடுத்த வருஷம் சந்தனத்தோட கொஞ்சம் பஞ்சும் வெச்சு ஃபேனை... இருங்க, ஐயாகிட்டச் சொல்லீட்டு வந்துர்றேன், பொத்தானை மாத்தியாச்சுன்னு.

ஐயா. எப்ப வந்தீங்க?

உள்ள வாங்கய்யா. வந்துருச்சுங்கய்யா, இந்த மேடம்தான் பொத்தானை... காதுல மெஷின் இருக்குதுங்களா. எப்ப மாட்டுனீங்க? பொரி சாப்பிட ஆரம்பிக்கறப்பவேவா.

இல்லீங்கய்யா. அது வந்து... ஆமாங்கய்யா.

ஆமாங்கய்யா, நாலு வருஷமும்.

என்னங்கய்யா? அமாவாசைக்கா? பாய்லரோடயேவா? மாசாமாசமா? நானா? நான்தான் அமுக்கோணுமா? நீங்க இங்க நின்னு பாப்பீங்களா? ஐயா, இது பாய்லர் மாதிரி இல்லீங்கய்யா. மாசாமாசம் நிறுத்துனா... மேடம், நீங்க சொல்லுங்க ஐயாகிட்ட. மாசாமாசமெல்லாம் இதை நிறுத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க படிச்சவங்க. ஏன் பையை மூடறீங்க? சொல்லுங்க மேடம்.

ஐயா, இன்னைக்கு தசமி. அமாவாசைக்கு எத்தனை நாளுங்க இருக்குது?

இருவதுதானுங்களா?